கைப்பிடிச் சுவர்

போன வாரம் லிஃப்ட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். இந்த வாரம் அதைத் திறந்துவிட்டார்கள். யார் திறந்தது, சாவியை யார் கொடுத்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அண்ணன், தம்பி. இருவருமே லிஃப்ட் மெக்கானிக்குகள். பெரியவர் இப்போது சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறார். சபையில் முன் வரிசை. ஞாயிறு ஆராதனையில் கணீர்க் குரலில் வேதம் வாசிப்பவர். தம்பி அவரிடமே வேலை பார்க்கிறான். ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில், லிஃப்ட்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகளில் இரண்டு பிய்ந்து வருவதைத் தம்பி பார்த்துவிட்டான். மேலே மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்து, தன் சிவப்புப் பூட்டைப் போட்டான். புதுக் கயிறு மாட்டும்வரை திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அண்ணன் குதி குதி என்று குதித்தார்.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பூட்டியவன்தான் திறக்க வேண்டும். மாற்றுச் சாவி என்ற பேச்சே கிடையாது. முதலாளியே வந்து நின்றாலும் சரி, அடுத்தவன் பூட்டில் கை வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைத் தம்பியின் மண்டையில் ஏற்றியவரே அந்த அண்ணன்தான். அதனால்தான் எனக்கு ஆத்திரம்.

சனிக்கிழமை காலை. தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசை.

அந்த வீட்டில் டீ ஆறுவதற்குள் வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்துவிட வேண்டும். நேற்று விட்ட இடத்தில் இன்று தொடங்க வேண்டும். பிடிக்கவில்லை என்று தாண்டக் கூடாது. பெயர்களாக வந்தாலும், ஆடு மாட்டுச் சட்டமாக வந்தாலும் வாசித்தே ஆக வேண்டும். முடிந்ததும் ஆளுக்கொரு வரியை, "இன்னைக்கு இது எனக்கு" என்று எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவள் தம்பி மனைவி. பல் டாக்டர் கிளினிக்கில் உதவியாளர். புருஷன் கேலியாக 'டாக்டரம்மா' என்பான். ஊரில் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்கிறவள், புகுந்த வீட்டில் இதுவரை வாயைத் திறந்ததில்லை.

"நம்ம வீட்டுக்கு ஏன் இந்த மாட்டுச் சட்டமெல்லாம்?" என்று ஒருநாள் அவன் கேட்டபோது, அவள் சொன்னாள்.

"எங்க வீட்ல எங்கப்பா மூடுதான் சட்டம். நேத்து சிரிச்ச விஷயத்துக்கு இன்னைக்கு அடி விழும். எது சரி, எது தப்புன்னே தெரியாம வளந்தேங்க. இந்தப் புத்தகம் நேத்து சொன்னதையேதான் இன்னைக்கும் சொல்லுது. எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு உங்களுக்குப் புரியாது. அதுக்காகவே தினமும் நன்றி சொல்றேன். ஒரு வரியக்கூட விட மனசு வராது."

அதற்குப் பிறகு அவன் கேலி பேசவில்லை. பூட்டுப் போட்ட அன்று காலையில் அப்படித்தான் ஒரு பழைய சட்டம் வந்தது. புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விழுகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்ற சட்டம். "இன்னைக்கு இது எனக்கு" என்று அவன் எடுத்துக்கொண்டான். அன்றைக்குத்தான் அந்தக் கயிற்றில் துணியை வைத்து ஓட்டிப் பார்த்தான். துணி ஓடவில்லை. அறுந்த கம்பி இழைகளில் சிக்கிக் கிழிந்தது.

மேசையில் மூன்றாவது ஆள், அவன் அம்மா. மாட்டுச் சட்டமெல்லாம் அவருக்கு அலுப்பு. அவருக்கென்று தனி வழி ஒன்று இருந்தது. அறைக்குள் போய்க் கண்ணை மூடி ஜெபித்து, தன் வேதத்தை எங்காவது திறந்து, மூடிய கண்ணோடு விரலை வைப்பார். விரல் எங்கே நிற்கிறதோ அதுதான் அன்றைய உத்தரவு. ஆடுகிற பல்லைப் பிடுங்கலாமா என்று ஒருமுறை விரல் வைத்தாராம். 'அங்கே அழுகையும் பற்கடிப்பும் உண்டாகும்' என்ற வரி வந்துவிட்டதாம், பயந்துபோனாராம். மருமகள் பல் கிளினிக்கில் வேலை பார்த்தும், அந்தப் பல் இன்னும் அவர் வாயில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

பல்லோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அன்று காலை, தம்பி குளிக்கப் போனபோது, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த சாவியைக் குளியலறைக்கு வெளியே ஆணியில் மாட்டினான். அதே நேரம் பெரியவர் அம்மாவுக்குப் போன் செய்தார்.

"அம்மா, ஊரே என்னைப் பாத்து சிரிக்குது. அந்தக் குடியிருப்புக்காரங்க வேற கம்பெனிக்குப் போகப்போறாங்க. தம்பியே அண்ணன் கழுத்தை அறுத்தா நான் எங்கம்மா போவேன்? பூட்டுச் சாவியக் குடுக்கலாமான்னு நீங்க ஜெபம் பண்ணிப் பாருங்க. தெருமுனைல கார்லதான் இருக்கேன்."

பெரியவருக்கு அம்மாவின் விரல் தெரியும்!

அம்மா விரல் வைத்தார். சகோதரர்கள் ஒருமித்து வாழ்வது எவ்வளவு இன்பம் என்ற இடத்தில் போய் நின்றது. அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆணியிலிருந்து சாவியை எடுத்தார், தெருமுனையில் காருக்குள் காத்திருந்த மூத்த மகனிடம் கொடுத்தார், திரும்பி வந்து டீ கலந்தார். குளித்துவிட்டு வந்த இளையவன் வேறு கட்டிடத்திலிருந்து போன் வந்ததென்று அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். ஆணியை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைய அதிகாரத்தை மருமகள் அம்மாவோடு மட்டும் வாசித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மருமகள் கிளினிக்கில் இருந்தபோது, போனில் புருஷன் குரல் பதறியபடி வந்தது.

"சாவி கழுத்துல இல்ல. ஆணிலதான் இருக்கணும். நீ பாத்தியா?"

"நான் கிளம்பறப்ப ஆணி காலியா இருந்துச்சே. நீங்க போட்டுக்கிட்டீங்கன்னு நினைச்சேன்."

அந்தப் பக்கம் கருவிப் பையை வாரிச் சுருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ வீட்டுக்குப் போய்ப் பாரு. நான் அந்த பில்டிங்குக்குப் போறேன்" என்றான்.

சனிக்கிழமை பாதி நாள்தான் வேலை. டாக்டரிடம் சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். அத்தை கூடத்தில் நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஆணில இருந்த சாவி எங்க?"

"பெரியவன்கிட்ட குடுத்துட்டேன்மா." ஒளிக்கவேயில்லை. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "ஆண்டவரே சொல்லிட்டாரு. அண்ணன் தம்பி ஒண்ணா இருக்கணுமாம். விரல் அங்கதான் போய் நின்னுச்சு."

மருமகளுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்.

"ஆண்டவர் சொன்னாரா? உங்க விரல் சொல்லுச்சா அத்தை?"

அத்தையின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது.

"என்னம்மா, என்கிட்டயா இப்படிப் பேசற?"

"உங்ககிட்டதான் பேசறேன். இத்தனை நாள் பேசாததுதான் தப்பு. கண்ணை மூடிக்கிட்டு விரல் வெக்கிறதுக்கு அது என்ன சீட்டுக்கட்டா? நமக்கு வெளிச்சம் வேணும்னு குடுத்த புத்தகத்தைக் கண்ணை மூடிக்கிட்டா அத்தை படிப்பாங்க? எனக்கு வயிறு எரியுது!"

மேசை மேல் இருந்த வேதத்தை எடுத்து, அந்தப் பழைய சட்டம் இருந்த பக்கத்தைத் திறந்து, அத்தையின் மடியில் வைத்தாள். "கண்ணைத் திறந்து படிங்க. நீங்க காது குடுக்காம டீ குடிச்சுக்கிட்டிருந்தீங்களே, அன்னைக்கு வாசிச்சது."

அத்தை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார்.

"இதுக்கும் லிஃப்ட்டுக்கும் என்னம்மா?"

"அந்தக் கயிறு பிய்யுது அத்தை. அதுல ஏறி யாராவது விழுந்தா? உங்க பையன் போட்ட பூட்டுதான் அந்த வீட்டுக்குக் கைப்பிடிச் சுவர். அதை நீங்க எடுத்துக் குடுத்துட்டீங்க."

"பெரியவன் சும்மா சின்ன ரிப்பேர்னு சொன்னானே..."

"சொல்வார்."

அத்தை திரும்பவும் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"பழி யார் மேல வரும்னு போட்டிருக்கு? விழுந்தவன் மேலயா?"

"இல்ல அத்தை. சுவர் வைக்காத வீட்டு மேல."

"அப்ப சாவி எடுத்துக் குடுத்தவ மேல?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் அத்தை துணிகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்சியக் கூப்பிடு. அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்க."

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கூட்டம் நின்றிருந்தது. பாவம், அந்த ஜனங்களையும் குறை சொல்ல முடியாது. மூட்டுவலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாரும் இந்த வாரம் முழுக்கப் படியேறித் தேய்ந்து போயிருந்தார்கள். மேலே மோட்டார் அறையில் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டுவிட்டு வந்திருந்த பெரியவர், வெள்ளைச் சட்டை கசங்காமல் லிஃப்ட் வாசலில் நின்றார். லிஃப்ட் விளக்கெரிய, கதவு திறந்து கிடந்தது.

"வாங்கம்மா, முதல் ட்ரிப் நீங்கதான்" என்று ஐந்தாம் மாடி அம்மாவை அழைத்தார். காய்கறிப் பைகளோடு அந்த அம்மா ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

"ஏறாதீங்க!"

தெருவாசல் பக்கமிருந்து இளையவன் ஓடிவந்தான். ஊரின் மறுகோடியிலிருந்து அவனும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். "அண்ணே, என்ன காரியம் பண்ணிருக்கீங்க? அது என் பூட்டு!"

"கம்பெனி என்னுது" என்றார் அண்ணன், சிரித்த முகம் மாறாமல். பிறகு தம்பி மனைவி வருவதைப் பார்த்தார். "நல்லவேளை, நீயும் வந்துட்ட. பெரியவங்களுக்கு அடங்கி நடக்கணும்னு வேதத்துல இருக்கே, அதை உன் புருஷனுக்கு வாசிச்சுக் காட்டறதில்லையா?"

கேட்டீர்களா நியாயத்தை! பிய்ந்த கயிற்றை மறைக்க வேத வசனம்!

"வாசிச்சிருக்கோம் மாமா" என்றாள் அவள். "அதே வரில, எல்லாருமே ஒருத்தருக்கொருத்தர் தாழ்மையா நடங்கன்னும் இருக்கு. பாதி வரிலயே நீங்க ஏன் நிறுத்திட்டீங்க?"

பெரியவர் முகத்தில் சிரிப்பு காணாமல் போனது. "பொம்பளைங்க பேச்சைக் கேக்க இங்க யாருக்கும் நேரமில்ல. நீங்க ஏறுங்கம்மா."

அப்போதுதான் அவருடைய அம்மா வந்தார். டாக்சியிலிருந்து இறங்கி நடந்துவர அவருக்குக் கொஞ்சம் நேரமாகியிருந்தது. காவலாளி உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். ஐந்தாம் மாடி அம்மாவைத் தோளைத் தொட்டு விலக்கினார். நாற்காலியை லிஃப்ட் வாசலுக்குக் குறுக்கே போட்டார், உட்கார்ந்தார்.

லிஃப்ட் கதவு மூட வந்தது. நாற்காலியில் இடித்தது. திறந்துகொண்டது. திரும்பவும் மூட வந்தது, இடித்தது, திறந்துகொண்டது.

"அம்மா, எந்திரிங்க" என்றார் பெரியவர் தாழ்ந்த குரலில். "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"அம்மா, காலை மட்டும் உள்ள நீட்டாதீங்க!" என்று கத்திவிட்டு, இளையவன் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினான். மோட்டார் அறை ஆறாம் மாடிக்கும் மேலே. அவன் போய்ச் சுவிட்சை அணைக்கும்வரை அந்தக் கதவை மூடவிடாமல் வைத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு யாரும் அதை விளக்கவில்லை. அவரே புரிந்துகொண்டு நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவனே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆமா, இல்லன்னு சொல்லு. அந்தக் கயிறு நல்லா இருக்கா?"

"அம்மா, இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்..."

"நான் வேலை நுணுக்கத்தையா கேட்டேன்? நல்லா இருக்கா, இல்லையா?"

பெரியவர் சுற்றிப் பார்த்தார். எத்தனையோ பேரிடம் பூசி மெழுகியவர்தான். பெற்றவள் முகத்தைப் பார்த்து முழுப் பொய் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

"ரெண்டு கயிறு கொஞ்சம் தேஞ்சிருக்கும்மா. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு வாரம், பத்து நாள் தாங்கும்."

ஐந்தாம் மாடி அம்மா காய்கறிப் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

மூன்றாம் மாடியில் ஒரு வாத்தியார் குடியிருந்தார். இந்த வாரம் முழுக்கத் தம்பியைக் கண்டபடி ஏசியவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"தாங்கும்னா என்ன சார் அர்த்தம்? தாங்காத அன்னைக்கு உள்ள யாரு இருப்பாங்க?"

"என் பேத்தி தினமும் தனியா ஏறுவா சார்!" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல் வெடித்தது. ஆளாளுக்குக் கத்தத் தொடங்கினார்கள். அத்தனை நாளும் தம்பி மேல் பாய்ந்த அதே வாய்கள் இப்போது அண்ணன் பக்கம் திரும்பின. அந்த வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

லிஃப்ட் விளக்கு அணைந்தது. நாற்காலியில் இடித்துக்கொண்டிருந்த கதவு பாதியில் அப்படியே நின்றது.

கொஞ்ச நேரத்தில் இளையவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க இறங்கி வந்தான். "பூட்டு அங்கயே கீழ கிடந்துச்சு. போட்டுட்டேன்" என்றான்.

பெரியவர் பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். "சாவி என்கிட்ட இருக்கு. இவங்க கூச்சல் அடங்கட்டும், எப்ப திறக்கறதுன்னு நான் பாத்துக்கறேன். நீ நாளைலேருந்து வேலைக்கு வர வேண்டாம்." தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார். "உன் புத்தகம் உங்களுக்குச் சோறு போடுதான்னு பாப்போம்."

"அது உங்க புத்தகமும்தான் மாமா" என்றாள் அவள். "நாளைக்கு ஆராதனைல நீங்கதானே வாசிக்கணும்?"

பெரியவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனார். கார் கதவை அவர் அறைந்த சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

"வாங்கம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றான் இளையவன்.

"சாவி வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப நான் எப்படி வர்றது? எடுத்துக் குடுத்தவ நான். அது திரும்பி வர்ற வரைக்கும் நான் இங்கதான்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அசையவில்லை. மூன்றாம் மாடி வாத்தியார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு டீ கொண்டுவந்தார். ஐந்தாம் மாடி அம்மா முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்தார், மூட்டுவலியோடு படியில் ஏறி இறங்கி. இளையவன் கீழ்ப்படியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டான். வேலை போய்விட்டது. அவனுக்கு அது இப்போதுதான் உறைக்க ஆரம்பித்திருந்தது.

மருமகள் அத்தையின் காலடியில் உட்கார்ந்தாள். "அத்தை, நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்" என்றாள்.

"பேசின. நல்லாப் பேசின." அத்தை ஆடுகிற பல்லை நாக்கால் தடவிக்கொண்டார். "இவ்வளவு வருஷமா விரல் வெச்சேன். என் இஷ்டத்துக்கு ஏத்த மாதிரி வந்தா அவர் சொன்னாருன்னு எடுத்துக்குவேன். வரலன்னா இன்னொரு தடவை வெப்பேன். இது யாருக்கும் தெரியாது." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "காலையிலகூட அது ரெண்டாவது தடவை."

முதல் தடவை எந்த இடத்தில் விரல் நின்றது என்று மருமகள் கேட்க வாயெடுத்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டாள்.

"இன்னைக்கு அதிகாரத்தை மறுபடி வாசி. காலையில நான் காது குடுக்கல" என்றார் அத்தை.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். வெளியே பொழுது சாய ஆரம்பித்திருந்தது. பாதி வாசிக்கும்போது அவள் போன் அடித்தது. பெரியவரின் மனைவி. இந்தச் சண்டையில் இதுவரை ஒரு பக்கமும் சாயாதவள்.

"சொல்லுங்க அக்கா."

"மெதுவாப் பேசு, பக்கத்து ரூம்ல இருக்காரு. வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசல. சாவியை மேசை மேல வெச்சுட்டு, வேதத்தை எடுத்து வெச்சுக்கிட்டு, புரட்டோ புரட்டுன்னு புரட்டறாரு. நாளைக்கு வாசிக்கிற பகுதி இல்ல அது. வேற என்னவோ தேடறாரு." அவள் குரல் இன்னும் தணிந்தது. "கூட்டத்துல யாரோ ஏதோ கைப்பிடிச் சுவர்னு பேசிக்கிட்டாங்களாம். அத்தை டாக்சில அதையே சொல்லிக்கிட்டு வந்தாங்கன்னு டிரைவர் சொன்னாராம். அது எங்க இருக்குன்னு என்னைக் கேக்கறாரு. எனக்கும் தெரியல. எந்த இடம்னு சொல்லேன்."

மருமகள் போனைப் பொத்திக்கொண்டு அத்தையிடம் விஷயத்தைச் சொன்னாள். இளையவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

அத்தை கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"இடத்தைச் சொல்ல மாட்டேன்மா. விரல் வெச்சுத் தேடறதுக்கு என் பையனுக்கு நான் கத்துக் குடுத்தது போதும். முதல் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கச் சொல்லு. ஒரு வரி விடாம வாசிச்சுக்கிட்டே வரட்டும், அந்த இடம் தானா வரும். வந்ததும் சாவியை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு." நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."